ஆள் இல்லாத வினைகள்

பிழை திருத்துவது என் தொழில். மாட்ரிட் நகரத்துப் பதிப்பகங்களுக்கு, அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். ஸ்பானிய மொழியில் இந்த வேலை செய்பவரைக் ‘கொர்ரெக்தோர்’ என்பார்கள். நாவல், பாடநூல், மருத்துவக் கையேடு, வங்கியின் ஆண்டறிக்கை, நகராட்சிச் சுற்றறிக்கை என்று எது வந்தாலும் படிப்பேன். கூலி பக்கக் கணக்கில் கிடையாது. இடைவெளியையும் சேர்த்து ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. ஒவ்வொரு எழுத்தையும் ‘மத்ரீஸ்’ என்கிறார்கள். ஈய அச்சுக் காலத்தில் எழுத்து வார்க்கும் அச்சுக்கு இருந்த பெயர் அது. ஈயம் போய்க் கணினி வந்த பிறகும் கூலிச் சீட்டில் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

இந்த மொழியை நான் பிறந்த வீட்டில் கேட்டுக் கற்கவில்லை. வயது வந்த பிறகு இலக்கணத்தின் வழியே உள்ளே போனேன். எந்த வினை எந்த இடைச்சொல்லைக் கேட்கும், எந்த இடத்தில் பெயர் பன்மையானாலும் வினை ஒருமையிலேயே நிற்கும் என்று ஒவ்வொன்றையும் தெரிந்து தெரிந்து கற்றதால், ஸ்பானியர்கள் யோசிக்காமல் கடந்துபோகிற இடங்களில் என் கண் நின்றுவிடும். மேசையில் எப்போதும் சில புத்தகங்கள் இருக்கும். மரியா மொலினெர் என்ற நூலகர் தன் வீட்டில் உட்கார்ந்து தனியாளாகத் தொகுத்து, 1966-67இல் வெளிவந்த பயன்பாட்டு அகராதி. மனுவெல் ஸெகோ 1961இல் முதலில் வெளியிட்டு, பிறகு திருத்தித் திருத்திப் பதிப்பித்த ஐயம் தீர்க்கும் அகராதி. அரச ஸ்பானிய மொழிக்கழகமும் அமெரிக்கக் கண்டத்து மொழிக்கழகங்களும் சேர்ந்து 2005இல் கொண்டுவந்த ஐய அகராதி, 2009இல் கொண்டுவந்த பேரிலக்கணம். இவற்றில் மொலினெரின் இரண்டு தொகுதிகளும்தான் அதிகம் பிரித்து, விளிம்பு தேய்ந்து கிடக்கின்றன.

ஸ்பானிய மொழி கெட்டுப்போகிறது என்கிற வருத்தம் எனக்கு முன்பே பலருக்கு இருந்திருக்கிறது. கராகஸில் பிறந்து சிலி நாட்டில் குடியேறிய ஆந்த்ரெஸ் பெல்யோ, 1833-34இல் ‘எல் அரவுகானோ’ இதழில் பெற்றோருக்கும் ஆசிரியருக்குமாகத் தொடர் எழுதி, சிலி மக்களின் பேச்சுப் பிழைகளைப் பட்டியல் போட்டார். பொகோத்தா நகரத்துப் பேச்சைப் பற்றி ரூஃபினோ ஹொஸே குவெர்வோ ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஸ்பெயினில் ஃபெர்னாந்தோ லாஸரோ கர்ரெத்தெர் 1975 முதல் நாளேடுகளில் எழுதிய குறுங்கட்டுரைகள் 1997இல் ‘எல் தார்தோ என் லா பலாப்ரா’ என்ற நூலாயின. சொல்லின் மேல் எறிந்த ஈட்டி என்று தமிழில் சொல்லலாம். அவர் 1990களில் அரச மொழிக்கழகத்தின் இயக்குநராகவும் இருந்தவர். இலக்கணக் கட்டுரைகள் கடைகளில் அப்படி விற்று அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். சிறுவயதில் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, மெய்ப்புப் படிக்கிற மேசைக்கு உயர்ந்தவர். என்னை ‘இஹா’ என்பார். மகளே என்று அர்த்தம். லாஸரோவின் புத்தகத்தை முதலில் என் கையில் கொடுத்தவர் அவர்தான். “படி மகளே. படிக்கும்போது இவர் யாரைத் திட்டுகிறார், யாரைத் திட்டவில்லை என்று மட்டும் கவனி” என்றார். கவனித்தேன். அந்த ஈட்டிகள் வானொலி அறிவிப்பாளர், பத்திரிகையாளர், அமைச்சர், விளையாட்டு வருணனையாளர் மேல்தான் பாய்கின்றன. உழவர் மேலும் காய்கறிக்காரி மேலும் பாயவில்லை. என் தொழிலில் எதற்கு வருந்த வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

முதலில், எதற்கு வருந்துவதில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

மாட்ரிடிலும் அதற்கு வடக்கே வல்யதொலித் வட்டாரத்திலும் ‘லாயிஸ்மோ’ என்றொரு பழக்கம் உண்டு. ‘அவளுக்குச் சொன்னேன்’ என்பதற்கு இலக்கணப்படி ‘லெ திஹே’ என்று வர வேண்டும். அவனுக்கு என்றாலும் அதே ‘லெ’, அவளுக்கு என்றாலும் அதே ‘லெ’. இந்தக் காஸ்தில்யாப் பகுதிக்காரர்களுக்கு இது போதவில்லை. பெண்ணுக்குச் சொன்னால் ‘லா திஹே’ என்கிறார்கள். அவனுக்கு, அவளுக்கு என்று பிரித்தே பேசிப் பழகிய தமிழர்களுக்கு இந்த ஆசை எளிதில் புரியும். அரச மொழிக்கழகம் தன் இலக்கணத்தின் 1796ஆம் ஆண்டுப் பதிப்பில் இதைத் தவறென்று தீர்ப்பளித்தது. இரண்டு நூற்றாண்டுகள் தாண்டிவிட்டன. லாவாபியெஸ் பகுதியில் நான் பழம் வாங்குகிற அம்மாள் இன்றும் ‘லா திஹே’ என்றுதான் தன் மருமகளோடு நடந்த சண்டையைச் சொல்கிறார். கவிஞர் கெவெதோ அப்படி எழுதியிருக்கிறார், நாடகாசிரியர் மொராத்தின் எழுதியிருக்கிறார். பாடநூலில் வந்தால் திருத்துவேன், அது என் கடமை. நாவலில் ஒரு வல்யதொலித் பாட்டியின் வாயில் வந்தால் தொடமாட்டேன். பதிப்பாசிரியர் யாராவது அடித்திருந்தால்கூட, அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளிகள் வைத்து, ஓரத்தில் ‘வாலெ’ என்று எழுதிவிடுவேன். இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் குறி.

அடுத்தது ‘அபேர்’ என்ற வினை. இருப்பதைச் சொல்ல வருவது. ‘பலர் இருந்தார்கள்’ என்று தமிழில் வினையும் பன்மையாகும். ஸ்பானியத்தில் எத்தனை பேர் இருந்தாலும் ‘அபீயா’ என்று ஒருமைதான். இருக்கிற பொருள் அங்கே எழுவாய் கிடையாது, செயப்படுபொருள். ஆனால் வலென்சியாவிலும் கதலூன்யாவிலும் அமெரிக்க நாடுகளிலும் கோடிக்கணக்கான வாய்கள் ‘அபீயான்’ என்று பன்மையாக்குகின்றன. இதைக் கேட்டதும் கொதிக்கிற ஆசிரியர்களை நான் அறிவேன். எனக்கு அதில் கொதிக்க ஒன்றுமில்லை. பெயருக்கும் வினைக்கும் பொருத்தம் தேடுவது அந்த மொழியின் இயல்பு. மக்கள் அந்த இயல்பை, விதி விட்டுவைத்த ஒரு மூலைக்கும் நீட்டுகிறார்கள். அச்சில் திருத்துகிறேன், பேச்சில் கேட்டுக்கொள்கிறேன்.

‘தெகெயிஸ்மோ’ கொஞ்சம் வேறு மாதிரி. ‘என்று நினைக்கிறேன்’ என்பதற்கு ‘பியென்ஸோ கெ’ போதும். பலர் நடுவில் ஒரு ‘தெ’யைச் செருகி ‘பியென்ஸோ தெ கெ’ என்பார்கள். படிக்காதவரின் அடையாளம் என்று ஸ்பெயினில் இதைவிட அதிகம் பரிகசிக்கப்பட்ட பிழை வேறில்லை. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் வாழ்க்கைக் குறிப்புகளை ஒருமுறை திருத்தினேன். ஊர், அப்பா, ஆலிவ் அறுவடை பற்றிய அத்தியாயங்களில் ஒரு ‘தெ’கூட மிகையாக இல்லை. அலுவலகத்தில் ஓய்வூதிய விண்ணப்பத்தோடு நின்ற அத்தியாயத்தில், நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன அத்தியாயத்தில், பக்கத்துக்குப் பக்கம் அந்தத் ‘தெ’. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு முன்னால் நன்றாகப் பேச வேண்டும் என்ற பதற்றத்தில் வந்த சொல் அது. நீக்கினேன். நீக்கும்போது அவர் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது.

அந்தப் பரிகாசத்தால் வந்த கேடு வேறிடத்தில் தெரிகிறது. கேலிக்குப் பயந்து, படித்தவர்கள் தேவையான ‘தெ’யையும் விழுங்கத் தொடங்கினார்கள். ‘உறுதியாக நம்புகிறேன்’ என்பதற்கு ‘எஸ்தோய் ஸெகூரோ தெ கெ’ என்று வர வேண்டிய இடத்தில் ‘தெ’ இல்லாமல் எழுதுவதை நாளேட்டுத் தலையங்கங்களில் தினமும் காணலாம். இதற்குக் ‘கெயிஸ்மோ’ என்று பெயர். இதை யாரும் கேலி செய்வதில்லை. சோதித்துப் பார்ப்பது சுலபம்: வாக்கியத்தைக் கேள்வியாக்கினால் போதும். ‘எதை நினைக்கிறாய்’ என்றால் ‘கெ’, ‘எதைப் பற்றி உறுதி’ என்றால் ‘தெ கெ’. ஓட்டுநரின் பிழைக்கும் தலையங்கத்தின் பிழைக்கும் இலக்கணத்தில் எடை ஒன்றுதான். சிவப்பு மையும் சிரிப்பும் ஓட்டுநருக்கே போய்ச் சேர்கின்றன.

காலம் எத்தனையோ பிழைகளைச் சரி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதலைக்கு லத்தீனில் ‘க்ரோகோதீலுஸ்’. ஸ்பானிய வாய் ‘ர’வை இடம் மாற்றிக் ‘கொகொத்ரீலோ’ ஆக்கியது. ஆபத்து என்பதற்கு லத்தீன் ‘பெரீகுலும்’, ஸ்பானியம் ‘பெலீக்ரோ’. இன்று அகராதியில் நிமிர்ந்து நிற்கும் சொற்கள் இவை. ‘அல்மோந்திகா’ என்று கறி உருண்டையை நாட்டுப்புறத்தார் சொல்வதை மொழிக்கழகம் இப்போதுதான் ஏற்றுக்கொண்டது என்று அடிக்கடி ஒரு வதந்தி கிளம்பும், மொழியே அழிந்தது என்று கூக்குரலும் எழும். அந்தச் சொல் 1726இல் வெளிவந்த முதல் அகராதித் தொகுதியிலேயே இருக்கிறது. அர்ஹெந்தீனாவில் முன்னிலையில் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’ என்பதைப் பள்ளிக்கூடங்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துத் திருத்தப் பார்த்தன. மொழியியலாளர் அமெரிகோ காஸ்த்ரோ 1941இல் புவெனோஸ் ஐரெஸ் பேச்சைக் குறைகூறிப் புத்தகம் எழுத, எழுத்தாளர் போர்ஹெஸ் கடுமையாக மறுத்து எழுதினார். கடைசியில் அர்ஹெந்தீன மொழிக்கழகம் 1982இல் ‘வோஸ்’ கற்றோர் வழக்கே என்று ஒப்புக்கொண்டது. ஸ்பெயினிலும் ‘போங்கள்’ என்பதற்கு யாரும் சொல்லாத ‘இதோஸ்’ மட்டுமே சரி என்று இருந்த நிலை மாறி, எல்லோரும் சொல்லும் ‘இரோஸ்’ 2017இல் ஏற்கப்பட்டது. நல்ல முடிவு, தாமதமாக வந்தது.

சொற்களின் பொருள் நழுவுவதிலும் எல்லாவற்றுக்கும் நான் வருந்துவதில்லை. ‘நீமியோ’ என்றால் லத்தீனில் மிகையானது. ஸ்பானியத்தில் அற்பமானது என்று தலைகீழாகிவிட்டது. ‘ஆல்ஹிதோ’ என்றால் கடுங்குளிர். காய்ச்சல் நோயில் உடல் சில்லிட்டு நோய் உச்சமடையும் கட்டத்தை மருத்துவர்கள் அப்படிச் சொல்லப்போய், இன்று விவாதம் சூடேறிய கட்டத்துக்கும் அதே சொல். போனது போகட்டும். இவற்றால் யாருக்கும் நட்டமில்லை.

‘தெதென்தார்’ போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உரிமையில்லாத பதவியை, உரிமையில்லாத சொத்தைக் கையில் வைத்திருப்பது என்று அதற்குப் பொருள். ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் அதிகாரத்தைத் ‘தெதென்தா’ செய்கிறார். தேர்தலில் வென்றவர் பதவியை வகிக்கிறார், அதற்கு வேறு வினைகள் உண்டு. 1939 முதல் 1975 வரை ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் வாழ்ந்த நாட்டில் இந்த வேறுபாட்டுக்கு எத்தனை விலை கொடுத்திருக்கிறார்கள்! இன்று நாளேடுகள், கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது என்று, முறைப்படி தேர்ந்த நகரத் தலைவரும் பதவியைத் ‘தெதென்தா’ செய்வதாக எழுதுகின்றன. உலக ஓட்டப் பந்தயச் சாதனையை வைத்திருப்பவருக்கும் அதே வினை. ஒவ்வொரு முறையும் அடித்து, ஓரத்தில் காரணமும் எழுதுவேன். சாதாரணமாக ஓரத்தில் காரணம் எழுதக் கூலி இல்லை. இந்தச் சொல்லுக்கு மட்டும் எழுதாமல் விட்டதில்லை.

ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்க்கும் பக்கங்களில் வரும் பிழைகள் இன்னும் நேரடியான கேடு செய்பவை. ஸ்பானியத்தில் ‘பில்யோன்’ என்றால் லட்சம் கோடி. ஆங்கிலத்துப் ‘பில்லியன்’ நூறு கோடி. ஒலியை நம்பி எழுதினால் ஒரு நாட்டின் கடன் ஆயிரம் மடங்கு ஆகிவிடும். நூறு கோடிக்கென்றே ‘மில்யார்தோ’ என்ற சொல்லை, வெனிசுவேலாவின் அதிபர் ரஃபாயெல் கால்தெராவின் வேண்டுகோளால் 1995இல் மொழிக்கழகம் ஏற்றது. பெரும்பாலோர் அதைத் தொடுவதேயில்லை. ‘எவென்துவால்மென்தெ’ என்றால் ஸ்பானியத்தில் ‘ஒருவேளை நேர்ந்தால்’. அதே சாயலில் இருக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘இறுதியில்’ என்று பொருள். ஒப்பந்தத்தில் இது புகுந்தால், கட்டாயம் கொடுக்க வேண்டிய பணம், கொடுத்தாலும் கொடுக்கலாம் என்றாகிவிடும். மருத்துவக் கையேடுகளில் கடும் நோய் எல்லாம் ‘செவேரோ’ ஆகிவிட்டது. அந்தச் சொல் கண்டிப்பான வாத்தியாருக்கு உரியது. கடும் நோய்க்கு ‘க்ராவெ’ என்ற நல்ல சொல் காலங்காலமாக இருக்கிறது. ஃபெர்னாந்தோ நவார்ரோ என்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளர் இப்படிப்பட்ட பொறிகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் ஒரு பேரகராதி வெளியிட்டார். மருத்துவ நூல் வந்தால் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நான் முதல் வரியைத் தொடுவேன். இப்போது இயந்திரம் பெயர்த்த பக்கங்கள் வேறு வருகின்றன. ‘அவர் தன் கையைத் தன் சட்டைப்பைக்குள் விட்டார்’ என்று, யாருடைய கை என்ற சந்தேகமே எழாத இடத்திலும் ஸ்பானியத்தில் உரிமைச் சொற்கள் குவிகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது களைப்பான வேலை, வேறொன்றுமில்லை.

என்னை உண்மையில் வருத்துவது இவை எதுவும் இல்லை.

ஸ்பானிய வினைக்குத் தமிழ் வினையைப் போலவே விகுதியில் ஆள் உண்டு. ‘வருந்துகிறேன்’ என்பதில் ‘ஏன்’ நான் யார் என்று சொல்லிவிடுகிறது. ‘லமென்தோ’ என்பதில் கடைசி ‘ஓ’ அதைச் சொல்கிறது. ‘வருந்துகிறோம்’ என்றால் ‘லமென்தாமோஸ்’. எழுவாயைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். ஆனால் விகுதி எதுவும் ஏறாத மூலவடிவம் ஒன்று இருக்கிறது: ‘லமென்தார்’. வருந்துதல் என்பது போல. ஆள் இல்லை, காலம் இல்லை. அகராதியில் தலைச்சொல்லாக நிற்க ஏற்றது. பேச்சில் அதைத் தாங்க இன்னொரு வினை வேண்டும்.

வானொலிச் செய்தியாளர்கள்தான் முதலில் இதைத் தனியே விட்டார்கள் என்று பெரியவர் சொல்வார். ‘இறுதியாக, இன்று மழை பெய்தது என்று சொல்லுதல்’ என்று முடிப்பார்கள். ‘சொல்ல வேண்டும்’, ‘சொல்ல விரும்புகிறேன்’ என்ற தாங்குவினை காணாமல் போயிருக்கும். இலக்கணிகள் இதைக் குறித்து எச்சரித்தார்கள். பயனில்லை. அங்கிருந்து மேடைக்கு வந்தது: ‘வந்திருப்போருக்கு நன்றி கூறுதல்.’ மேடையிலிருந்து அலுவலகக் கடிதத்துக்கு வந்தது. இப்போது எந்தச் செய்தியாளர் சந்திப்பிலும் முதல் வினையே விகுதி இழந்து நிற்கிறது. பேசுபவர் கண்ணெதிரே நிற்பார். அவர் வாக்கியத்தில் அவர் இருக்கமாட்டார்.

ஒரு நிறுவனத்தின் கடிதங்களைச் சில காலம் திருத்திக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். அதன் வேலைத்தளத்தில் ஒரு விபத்து நடந்து, ஒருவர் இறந்துபோனார். குடும்பத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம் என் மேசைக்கு வந்தது. முதல் வரி: ‘நடந்ததற்கு ஆழ்ந்து வருந்துதல்.’ நான் ‘லமென்தார்’ என்பதை அடித்து ‘லமென்தாமோஸ்’ என்று எழுதி அனுப்பினேன். அன்று மாலையே திரும்பி வந்தது. சட்டப் பிரிவு பழையபடி மூலவடிவத்தையே போட்டிருந்தது. தொலைபேசியில் கேட்டேன். “அம்மா, ‘வருந்துகிறோம்’ என்றால் அது நாங்கள் என்று ஆகிவிடும்” என்றார் அந்த வழக்கறிஞர். அவர் கெட்டவர் இல்லை, குரலில் தயக்கம் இருந்தது. இலக்கணம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்றுகூடச் சொல்வேன். விகுதி என்ன வேலை செய்கிறது என்று அறிந்தே அதை எடுத்திருந்தார்.

அந்தக் கடிதம் அப்படியே போனது. அதன் பிறகு அந்த நிறுவனத்தின் வேலையை நான் எடுக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் இந்தப் பழக்கத்தின் உறவினர்கள் என் கண்ணில் படுகிறார்கள். நாளேடுகளில் வரும் வதந்தி நிபந்தனை வடிவம் ஒன்று: ‘அமைச்சர் பணம் பெற்றிருக்கக்கூடும்’ என்ற தொனியில் ‘அப்ரீயா’ என்று ஒரு வினை. பிரெஞ்சு நாளேட்டு வழக்கிலிருந்து வந்தது. யார் சொன்னார்கள், எழுதியவருக்குத் தெரியுமா தெரியாதா என்ற பொறுப்பு எதுவும் அதில் ஒட்டாது. ‘எல் பாயிஸ்’ நாளேட்டின் நடைக்கையேடு இதைத் தடை செய்கிறது. தடை இருந்தும் தமிழில் ‘கூறப்படுகிறது’ எப்படிப் பெருகியதோ அப்படி அங்கே இது பெருகியிருக்கிறது.

இன்னொன்று ‘ஹெருந்தியோ’. தமிழ் வினையெச்சத்துக்கு நெருங்கியது. முதன்மை வினையோடு ஒருங்கே நடப்பதை அல்லது அதற்கு முன் நடந்ததைச் சொல்லத்தான் அது சரி. பின்னால் நடந்ததைச் சொல்லக்கூடாது. ஆனால் விபத்துச் செய்திகளில், ‘லாரி கவிழ்ந்தது, ஓட்டுநர் இறந்து’ என்ற மாதிரி வாக்கியத்தின் வாலில் சாவைத் தொங்கவிடுகிறார்கள். லாரிக்கு முற்றுவினை, மனிதருக்கு எச்சம். இதைக் காணும்போதெல்லாம் நான் வாக்கியத்தை உடைத்துவிடுவேன். ‘லாரி கவிழ்ந்தது. ஓட்டுநர் இறந்தார்.’ ஒரு மனிதர் இறந்ததற்கு ஒரு முற்றுவினை கொடுக்க வேண்டும். சில எழுத்துகள் கூடும், அவ்வளவுதான். அரசிதழிலும் ‘ஒழுங்குபடுத்தி ஓர் ஆணை’ என்று பெயரைத் தழுவும் எச்சங்கள் ஏராளம். பிழைக்கே அரசிதழின் பெயரை வைத்து ‘அரசிதழ் எச்சம்’ என்கிறார்கள் இலக்கணிகள்.

பழக்கடை அம்மாளின் ‘லா’வையும் ஓட்டுநரின் ‘தெ’யையும் இந்த விகுதியற்ற வினையையும் ஒரே பட்டியலில் போட்டு ‘மொழிக் கேடுகள்’ என்று தலைப்பிடும் கையேடுகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். அந்தப் பட்டியல் நியாயமற்றது. முன்னவை மொழி பேசுகிறவரிடம் மொழி வேலை செய்வதன் அடையாளங்கள். பின்னது பேசுகிறவர் தன்னையே வாக்கியத்திலிருந்து எடுத்துக்கொள்வது. பிழையின் அளவைக் கொண்டு எண்ணினால் எல்லாம் சமம். யாருக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால் சமமே இல்லை.

தொழில் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு ஒரு நூலுக்கு முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு என்று இரண்டு பேர் கண் படும். இன்று எனக்கு வரும் வேலைகளில் பெரும்பாலும் ஒரு கண்தான். நாளேடுகளில் பிழைதிருத்துநர் மேசையிலிருந்த என் நண்பர்கள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எஃபெ செய்தி நிறுவனம் முன்னெடுத்து 2005இல் தொடங்கிய ‘ஃபுந்தேயு’ அறக்கட்டளை, பத்திரிகையாளர்களுக்குத் தினமும் ஐயம் தீர்த்து உதவுகிறது. அருமையான வேலை. ஆனால் ஐயம் வந்தவர்தான் கேட்பார். தன் வாக்கியத்தில் ஆள் இல்லை என்று ஐயமே வராதவருக்குப் பக்கத்து மேசையில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அர்ஹெந்தீனாவிலிருந்து தொடங்கி, அறிஞர் எராஸ்முஸின் பிறந்தநாளாகச் சொல்லப்படும் அக்டோபர் 27ஐ மெய்ப்புத் திருத்துநர் நாளாக இப்போது ஸ்பானிய உலகமெங்கும் கொண்டாடுகிறோம். அன்று எங்களுக்கு வாழ்த்து அனுப்புகிற பதிப்பகங்கள், அடுத்த நூலுக்கு இரண்டாம் மெய்ப்பைத் திரும்பக் கொண்டுவந்தால் அதைவிட நல்ல வாழ்த்து இல்லை.

ஸ்பானியம் கற்க நினைக்கும் தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைத்தெருவிலும் பேருந்திலும் கேட்பதைப் பயமில்லாமல் பேசுங்கள். வட்டாரப் பிழை ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும், அகராதி ஒன்று வாங்கினால் திருத்திக்கொள்ளலாம். செய்தியாளர் சந்திப்பிலும் அலுவலகக் கடிதத்திலும் கேட்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என்றைக்காவது ஸ்பானியத்தில் யாருக்காவது வருத்தம் தெரிவித்து எழுத நேர்ந்தால், அனுப்பும் முன் முதல் வினையைப் பாருங்கள். அது ‘ஆர்’ என்று முடிந்திருந்தால் அடித்துவிட்டு, நீங்கள் ஒருவர் என்றால் ‘லமென்தோ’ என்றும், பலர் என்றால் ‘லமென்தாமோஸ்’ என்றும் எழுதி அனுப்புங்கள்.